மந்திரிக்கு வைக்காத பொட்டு

அந்தப் பையை மடியில வச்சுக்கோ அம்மிணி, கீழ வச்சா ஈரமாயிப்போயிரும். ஆமா, நானும் கோபிக்குத்தான். அண்ணன் பையனுக்குக் கல்யாணம். தனியாத்தான் போறேன், அதை ஏன் கேக்கறே. காந்திபுரத்துல பஸ் ஏறுனதுலருந்து இதே வெசனந்தான். மண்டபத்துக்குள்ள காலு வைக்கறதுக்குள்ள ஒரம்பரை அத்தனையும் வந்து நிக்கும், மந்திரி வரலீங்களான்னு. நான் என்னத்தைச் சொல்றது?

சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். என்ற வூட்டுக்காரர் மந்திரி. இங்கில்லை, நேபாளத்துல. இப்ப முன்னாள் மந்திரி. முன்னாளுங்கறதும் ஒரு பதவிதான், ஒருத்தனும் புடுங்க முடியாது. அவரு வராததுக்குக் காரணம் என்னன்னா, ஒரு ஆத்துக்கு அக்கட்டால போய் உக்காந்துட்டாரு. மூணு மாசமாச்சு. இக்கட்டால கொண்டாறதுக்கு நான் படாத பாடு பட்டுட்டிருக்கறேன். எல்லாம் என்ற நாத்தனார் பண்ணுன வேலை.

உனக்கு நாத்தனார் இருக்கறாளா? அப்பச் செரி, உனக்குப் புரியும்.

எங்கப்பன் பீளமேட்டுல மெஸ் வச்சிருந்தாரு. இவரு அங்க காலேஜுல இன்ஜினியருக்குப் படிக்க வந்தவரு. சிவில். பேரு தில்மான் புடாதோகி. எங்கப்பனுக்கு அது வாயில நொழையாது, தம்பின்னே கூப்புட்டுக்குவாரு. மத்த பசங்க ரசம் செரியில்லை, பொரியல்ல உப்பில்லைன்னு ஒரு நாளைக்கு ஒரு குத்தம் சொல்லுவாங்க. இவரு குடுத்ததைத் தின்னுபோட்டு, தட்டைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போவாரு. அந்தத் தட்டைக் கழுவுறதுலதான் நான் விழுந்தேன். கண்ணாலத்துக்கு அப்பறம் ஒரு தட்டுக் கழுவுனதில்லை, அது வேற.

அப்ப சனம் என்ன பேச்சுப் பேசுச்சு தெரியுமா? மயிலாத்தா ராத்திரி விசில் ஊதறவனைக் கட்டிக்கிட்டு ஓடறாள்ன்னு. மந்திரியானதும் அதே வாயிதான் எங்க மாப்பிள்ளை எங்க மாப்பிள்ளைன்னுச்சு. இவங்க மூஞ்சியிலதான் இன்னைக்குப் போயி முழிக்கோணும்.

அவரு ஊரு மேக்க மலைப்பக்கம். பாரிகாவுன்னு பேரு, அக்கரையூருன்னு அர்த்தம். பேருக்கேத்த மாதிரி ஆத்துக்கு அக்கட்டாலதான் இருக்குது. ஆறுன்னா நம்ம பவானி மாதிரி நெனைச்சுக்காதே. பள்ளத்துல கெடந்து உறுமும். ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேசன் எல்லாமே இக்கட்டால. அக்கட்டால சனம் மட்டுந்தான். போறதுக்கு வாறதுக்கு துயின்னு ஒண்ணு. ரெண்டு கரைக்கும் ஒரு இரும்புக் கம்பி, அதுல உருளை வச்சு ஒரு தகரத் தொட்டி தொங்கும். அதுக்குள்ள குந்திக்கிட்டுக் கயித்தை இழுத்து இழுத்துப் போகோணும். கண்ணாலமான புதுசுல என்னை ஒருக்கா அதுல ஏத்துனாங்க. கண்ணைத் தொறக்கவே இல்லை நான். எறங்குனதும் சொல்லிப்போட்டேன், இனி மாமியார் வூடுன்னா அவங்கதான் இக்கட்டால வரோணும்னு.

இவரு சின்னப் பையனா இருக்கறப்பவே பயந்தாங்கொள்ளி. தெனமும் பள்ளிக்கூடத்துக்கு இவங்கக்காதான் தொட்டியில உக்கார வச்சு இழுத்துட்டு வந்து வுடுவாளாம். மன்சரான்னு பேரு. இவரை விட ஏழெட்டு வயசு மூத்தவ. ஒரு நாளு உருளையில மாட்டி அவளுக்கு மோதிர விரலு போயிருச்சு. அதுக்கப்பறமும் அவளேதான் இழுத்தாளாம். பாவந்தான், நான் இல்லைங்கலை. அதுக்காக அந்தக் கையை எந்நேரமும் வெளிய காட்டிக்கிட்டே இருக்கோணுமா? ஒரு நல்லது பொல்லதுல முந்தானைக்குள்ள வச்சுக்கலாமில்ல?

இவரு அரசியலுக்கு வந்ததே அந்தப் பாலத்துக்காகத்தான். மொத எலெக்சன்ல நோட்டீசுல அவரு கையாலயே பாலம் வரைஞ்சு போட்டாரு. தொங்கு பாலம், அளவெல்லாம் போட்டு. பாரிகாவுன் சனம் அதைக் கொண்டுபோயி வூட்டுச் செவுத்துல சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சுக்கிச்சு. செயிச்சாரு. கூடைச் சின்னத்துக் கட்சியில நின்னு செயிச்சாரு. கூடைக்காரங்க மந்திரி பதவி தரலை, செம்புக் கட்சிக்குப் போனாரு. நீ தப்பா நெனைக்காதே, கொள்கைக்காகத்தான் போனாரு. என்ன கொள்கைன்னு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு, எனக்குத்தான் மறந்துபோச்சு. அப்பறம் செம்பு ரெண்டாப் பொளந்துச்சு. எந்தப் பாதியில மந்திரி பதவி இருந்துச்சோ அந்தப் பாதியிலதான் நாங்க இருந்தோம்.

அங்க கவர்மெண்டு மழைக்காலத்துக் கொடை மாதிரி அம்மிணி. விரிக்கறதும் மடக்கறதுமாத்தான் இருக்கும். மொதல்ல ஆடு மாடு மந்திரி. அதுல ஏழு மாசம். அப்பறம் விளையாட்டு மந்திரி. இவரு ஒரு பந்தை எட்டி ஒதைச்சு நான் பாத்ததில்லை, ஆனா கப்புக் குடுக்கறப்ப நல்லா இருப்பாரு.

ஒவ்வொரு எலெக்சனுக்கும் மறக்காம பாலத்துக்கு அடிக்கல் நட்டுருவாரு. அந்த விசயத்துல அவரைக் கொறை சொல்லவே முடியாது. ஆத்தோரத்துல இப்ப வரிசையா அடிக்கல்லு நிக்குது, ஒவ்வொண்ணுலயும் அவரு பேரு. தொட்டி வர வரைக்கும் சனம் அதும்மேலதான் உக்காந்துக்குது. ஒரு வசதிதானே அதுவும்?

தசாயின்னு ஒரு நோம்பி வரும் அங்க, நம்ம ஆயுத பூசை சமயத்துல. பெரியவங்க கையால நெத்தியில பொட்டு வாங்கிக்கோணும். பொட்டுன்னா நம்ம குங்குமம் மாதிரி இல்லை. அரிசி, தயிரு, செகப்பு எல்லாம் பிசைஞ்சு ஒரு அப்பு அப்புவாங்க. அரசியல்காரங்க தலைவர் வூட்டுக்குப் போயி வாங்கோணும். யாரு வூட்டுல வாங்குனாங்கறதை வச்சுத்தான் யாரு ஆளுன்னு பாப்பாங்க. நாங்க எந்தத் தலைவர் மனசையும் நோகடிச்சதில்லை. காருக்குள்ள நான் ஈரத்துணி வச்சிருப்பேன். ஒருத்தர் வூட்டுல வாங்குனதைத் தொடச்சுப்போட்டு அடுத்தவர் வூட்டுக்கு. சாயங்காலம் அவரு நெத்தித் தோலு உரிஞ்சு கெடக்கும், தேங்கா எண்ணெய் தடவி வுடுவேன். இப்புடியெல்லாம் பாத்துப் பாத்து வளத்துன மந்திரி அம்மிணி.

அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல தீவாளி வரும். அதுல கடேசி நாளு அக்கா தங்கச்சிங்க கூடப்பொறந்தவனுக்குப் பொட்டு வைக்கற நாளு. பாய் டீக்கான்னு சொல்லுவாங்க. இது செகப்புப் பொட்டு இல்லை, ஏழு கலரு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. வாடாமல்லி மாலை போட்டு, வாசப்படியில அக்ரூட்டு ஒடைச்சு, அவனைச் சுத்தி எண்ணெயில கோடு போட்டுட்டாள்ன்னா அந்த வருசம் எமன் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டானாம். பொட்டு இல்லாம வெறும் நெத்தியோட அன்னைக்கு ஒருத்தன் தெருவுல போனா சனம் பாவம்னு பாக்கும். அக்கா தங்கச்சி இல்லாதவன் கூட யாரையாவது அக்கான்னு கூப்புட்டு வச்சுக்குவான்.

மொறைப்படி கூடப்பொறந்தவன்தான் அக்கா வூட்டுக்குப் போகோணும். இவரு போவாரா? ஆத்துக்கு இக்கட்டால, கட்சி ஆபீசுல உக்காந்துக்குவாரு. மன்சரா தொட்டியில வந்து வச்சுட்டுப் போவா. விரலு இல்லாத கையாலதான் வைப்பா. பதிலுக்குத் தம்பி சீரு குடுக்கோணும். நான் வருசா வருசம் சிறுமுகையிலருந்து பட்டு வரவழைச்சுக் குடுப்பேன். கலரு பாத்து, கரை பாத்து. ஒரு நாளு கட்டிக்கிட்டு வந்ததில்லை. வாங்கிக்குவா, மடியில வச்சுக்குவா, அப்பறம் கேப்பா. பாலம் எப்படா தம்பின்னு. இவரு சொல்லுவாரு, அடுத்த வருசம் அக்கான்னு. பொம்பளைக்கு வேற கேள்வியே கெடையாது. உடம்பு எப்புடி இருக்குது, கட்சியில எப்புடி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேப்பாளா?

போன தடவை இவருக்குக் கெடைச்சது பெரிய எடம். ரோடு, பாலம் மந்திரி. நாடு பூராவும் பாலமெல்லாம் இவரு கையெழுத்துலதான். மன்சரா ஊரெல்லாம் அரிசி மாவுப் பணியாரம் சுட்டுக் குடுத்தாளாம். இவரும் ஆசையா படமெல்லாம் எடுத்து வச்சு அளவு பாத்தாரு, நான் பாத்தேன். ஆனா அரசியல்னு ஒண்ணு இருக்குதில்ல? பெரிய தலைவர் அவரு ஊருக்கு ஒரு பாலம் கேட்டாரு. அங்க ஆறு இல்லை, அதனால என்ன, கேட்டா குடுக்கோணும். கூட்டணித் தலைவர் ரெண்டு கேட்டாரு. அவங்களுக்குக் குடுத்தது போக இவருகிட்ட மிச்சம் இருந்தது கொஞ்சந்தான். பாலத்துக்குப் பத்தாது.

அப்பத்தான் நான் ஒரு ரோசனை சொன்னேன். நம்மூருல கோயில் கோபுரம் இருக்கறதில்லீங்களா, அந்த மாதிரி ஒசரமா ஒண்ணு கட்டுங்க, உங்க பேரு சொல்லும்னு. அங்க ஊருக்கு ஊரு அப்புடிக் கட்டறாங்க, மேல ஏறி மலையப் பாக்கறதுக்கு. இவரு ஆத்துக்கு இக்கட்டால கட்டுனாரு. ஏழு மாடி, மேல கண்ணாடி. ஏறி நின்னா அக்கட்டால பாரிகாவுன் அப்புடியே தெரியும். நாத்தனார் வூட்டு வாசல்ல கோழி மேயறது கூடத் தெரியும். அம்புட்டுக் கிட்டக்கக் கொண்டாந்து காட்டுனோம். நன்றி இருந்துச்சா அவளுக்கு?

அந்த வருசம் பாய் டீக்காவுக்கு வர மாட்டேன்னு அவ சொல்லி வுட்டுட்டா. வராட்டிப் போறா, நாம போவோம்னு நாந்தான் சொன்னேன். டிவிக்காரங்களையும் கூப்புட்டோம். மந்திரி அக்கா வூட்டுக்குப் போறாருன்னா நல்ல பேருதானே. தொட்டியில போக முடியுமா? ஹெலிகாப்டர் வச்சோம். மேல கெளம்பி ஒரு வெத்தலை மெல்லற நேரத்துக்குள்ள அக்கட்டால எறங்கிப்போட்டோம். எறங்குன எடம் மன்சராவோட ராகிக்காடு. கருது முத்தி நின்னுச்சு. காத்துல அத்தனையும் படுத்துக்கிச்சு. அதுக்கும் அவ ஒண்ணும் சொல்லலை. அப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும். நாத்தனார் சத்தம் போட்டா பயமில்லை, சும்மா இருந்தாத்தான் பயம்.

ஊரே நின்னுச்சு. கேமரா சுத்தி வந்துச்சு. இவரை மணையில உக்கார வச்சா. எண்ணெயில கோடு போட்டா. வாசப்படியில அக்ரூட்டை வச்சு ஒரே அடி, ஒடைஞ்சுபோச்சு. மாலை போட்டா. கலரு தட்டை எடுத்துக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா பாரு:

"எப்புடிடா வந்தே?"

"ஹெலிகாப்டர்ல அக்கா."

"நான் இத்தனை வருசமா உங்கிட்ட எப்புடி வந்தேன்?"

"தொட்டியில."

"அப்ப நீயும் தொட்டியில வா. வந்தா வைக்கறேன். இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

அம்புட்டுத்தான். தட்டைக் கீழ வச்சுட்டா. நான் போயி மெதுவாச் சொன்னேன், டிவி பாக்குது, ஒரு பொட்டு வச்சுவுடுங்க அக்கா, மத்ததை அப்பறம் பேசிக்கலாம்னு. அவ என்னைப் பாக்கவே இல்லை. இவரைத்தான் பாத்துட்டிருந்தா. கண்ணுல தண்ணி. அழறவ வச்சுவுட்டிருக்கலாமில்ல? அழுதுக்கிட்டே வைக்க மாட்டேங்கறவளை என்ன பண்ணறது?

இவரும் ரோசத்துல எந்திரிச்சுட்டாரு. ஹெலிகாப்டர்ல திரும்பவும் இக்கட்டால வந்து, ஆத்தோரத்துக்கு எறங்கி, தொட்டிக்குள்ள ஒரு காலை வச்சாரு. கேமரா அத்தனையும் பின்னால. வச்ச காலை வச்சபடியே நிக்கறாரு. கீழ தண்ணி உறுமுது. கையப் புடிச்சு இழுத்தேன். பொட்டு போனாப் போகுது, வாங்கன்னேன். காலை வெளிய எடுத்துட்டாரு. அக்கட்டால அவ வாசல்ல உக்காந்திருக்கறது தெரிஞ்சுச்சு. நாங்க கட்டுன கோபுரத்துல ஏறிப் பாத்த ஒரு டிவிக்காரன் அதையும் படம் புடிச்சுட்டான்.

ஒரு வாரம் அதையே போட்டாங்க. அந்த ஒத்தைக் காலையும் வெறும் நெத்தியையும். அப்பறம் கூட்டணி ஒடைஞ்சுச்சு, எலெக்சன் வந்துச்சு. ஓட்டுச் சாவடி எப்பவும் இக்கட்டாலதான். பாரிகாவுன் சனம் தொட்டியில வந்து வரிசையா நின்னு போட்டுட்டுப் போகும். இந்தத் தடவை ஒரு சீவன் வரலை. யாரும் எதுத்து ஓட்டுப் போடலை, திட்டலை, கொடி புடிக்கலை. வரலை, அம்புட்டுத்தான். தோத்துப்போட்டோம். ஒரு பொட்டு வைக்காததுக்கு ஒரு மந்திரியவே கவுத்துப்போட்டா பாத்துக்கோ.

கார் போச்சு, கவர்மெண்டு வூடு போச்சு, வாசல்ல நிக்கற போலீஸ் போச்சு. நான் கூடத் தாங்கிக்கிட்டேன், இவருதான் மனசு வுட்டுட்டாரு. கண்ணாடி முன்னால நின்னு நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. எமனுக்குப் பயப்படறீங்களான்னு கேட்டேன். அது இல்லை மயிலான்னாரு.

இந்த வருசம் தீவாளி முடியறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டாரு. நம்ம மாதிரியே பஸ்சுல, ரெண்டு நாளு குலுங்கிக்கிட்டு, ஒரு பையோட. ஆத்தோரத்துல போயி நின்னிருக்காரு. தொட்டியில ஏறி உக்காந்து கண்ணை மூடிக்கிட்டாராம். கயித்தை இழுக்கக் கை வரலையாம். எம்புட்டு நேரம் அப்புடியே இருந்தாரோ. தொட்டி தானா நகந்துச்சாம். கண்ணைத் தொறந்து பாத்தா அக்கட்டாலருந்து மன்சரா இழுக்கறா. அறுவத்தஞ்சு வயசு அவளுக்கு. அந்தக் கையாலயே. போன்ல சொல்றப்ப இவரு அழுதுட்டாரு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு, மறைக்கலை.

பொட்டு வச்சா. ஏழு கலரும் வச்சா. நான் நிம்மதியா, செரி கெளம்பி வாங்கன்னேன்.

வர முடியலை மயிலா, பயமா இருக்குதுங்கறாரு. போறப்பக் கண்ணை மூடிக்கிட்டுப் போயிட்டாரு. திரும்பறப்பப் பள்ளத்தைப் பாத்துட்டாரு. தொட்டிக்கிட்ட வருவாராம், திரும்பிப் போயிருவாராம். தெனமும் இதே கதை. எருமைக்குத் தண்ணி காட்டறாராம், சாணி அள்ளறாராம், தின்ன தட்டைக் கழுவி வைக்கறாராம். எங்கிட்ட ஒரு நாளாவது கழுவி வச்சாரா? ஹெலிகாப்டர் அனுப்பறேன்னு சொன்னேன், முன்னாளுக்கு யாரு தருவா. கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஆளைப் புடிச்சு ஒண்ணு ஏற்பாடு பண்ணுனேன். அதுல நான் ஏற மாட்டேன்னுட்டாரு. அக்கா என்ன நெனைப்பாளாம். பொண்டாட்டி என்ன நெனைப்பான்னு ஒரு நெனைப்பு வேண்டாமா மனுசனுக்கு?

அப்பறம் நான் என்ன பண்ணறது? பாலம் ஒண்ணுதான் வழி. நம்மூருக்குக் கெளம்பறதுக்கு முன்னால அங்க தலைநகர்ல இருக்கற பாலம் ஆபீசுக்கே நேராப் போயிட்டேன். போன வருசம் நான் உள்ள நொழைஞ்சா அத்தனை பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. இப்ப வெளிய பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க. எனக்கு முன்னால மலையிலருந்து வந்த சனம் உக்காந்திருக்குது, எல்லாம் பாலம் கேட்டு வந்ததுங்க. ஒருத்தி கைக்கொழந்தையோட. எப்ப வந்தீங்கன்னு கேட்டேன், மழைக்கு முன்னாலருந்து வந்து போறோம்னா. எனக்கு வவுறெரிஞ்சுபோச்சு. மனுசங்களை இப்புடியா அலைய வைக்கறது? என்ன ஆபீசு நடத்தறாங்கன்னு அங்கயே சத்தம் போட்டேன். பெஞ்சுல இருந்த சனம் என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

உள்ள ஒரு சின்ன வயசு ஆபீசரு. மரியாதையாத்தான் பேசுனான். ஆத்துப் பேரு கேட்டான், சொன்னேன். அகலம் கேட்டான், அவரு வரைஞ்ச அளவு எனக்கு மனப்பாடம், அதையும் சொன்னேன். எவ்வளவு அவசரம்னு கேட்டான். என்ற வூட்டுக்காரர் மூணு மாசமா ஆஸ்பத்திரி இல்லாத எடத்துல, ரோடு இல்லாத எடத்துல, ஒரு பேப்பர் கூட வராத எடத்துல கெடக்கறாரு, அதுல ஒரு மனுசன் எப்புடி இருக்கறதுன்னு கேட்டேன். தலைய ஆட்டுனான்.

கடேசியாக் கேட்டான், "அந்தக் கரையில எத்தனை பேருங்க இருக்கறாங்க?"

"யாரும் இல்லைங்க"ன்னேன். "எங்க வூட்டுக்காரர் ஒருத்தருதான்."